காணாமல் போன பிள்ளையார்கள்

சென்ற ஆண்டு பிள்ளையார் சதுர்த்திக்கு முன்பு, விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் நடந்தது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என் பொறுப்பு. அம்மா அதே கம்பெனியில் பொம்மைகளுக்குச் சாயம் பூசுகிறார். “சர்வரே எம்பொண்ணு கையிலதான் இருக்குது” என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வார். சர்வர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

சீசன் சூடுபிடித்தபோது ஆர்டர்கள் மறையத் தொடங்கின. சேத்தியாத்தோப்புக் கடைக்காரர் போனில், தன் பிள்ளையார் பொம்மைகள் எப்போது வரும் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் அப்படியோர் ஆர்டரே இல்லை. அடுத்து இன்னொரு கடை. யாரோ அழிக்கிறார்கள் என்பது தெரிந்தது. நான் புதுச்சேரிக்கு ஓர் இன்டர்வியூவுக்குப் போய் வந்தது ஏற்கெனவே முதலாளியின் காதுக்கு எட்டியிருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவ நீ ஒருத்திதாம்மா. போறதுன்னா சொல்லிட்டுப் போ. அழிச்சிட்டுப் போவாத. நாளைக்குள்ள இது யாரு வேலைன்னு தெரியலன்னா, உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பிடு.”

அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, “நீ எதையாச்சும் தெரியாம அமுக்கிட்டியாடி?” என்றார். முதலாளி சொன்னதைவிட அதுதான் வலித்தது.

எங்கள் சர்வர் ஒரு லாக் வைத்திருக்கும். எந்தக் கருவியிலிருந்து, எப்போது, என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றையும் அதுவே வரிவரியாக எழுதிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால் ஆள் பெயர் அதில் கிடைக்காது. மற்றவை கிடைக்கும். அழித்ததைப் பதிந்த வரிகளை மட்டும் தேடி எடுத்தேன். தெரியாமல் நானே செய்திருந்தால்?

ஒன்றுகூட என் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கப்படவில்லை. எல்லாமே சூளைக் கொட்டகையில் இருக்கும் டேப்லெட்டிலிருந்து, சூளையைப் பிரித்துச் சுட்ட பொம்மைகளை வெளியே எடுத்த நாள்களில் மட்டும் அழிக்கப்பட்டிருந்தன. அழிந்தவை பிள்ளையார், முருகர், அம்மன். யானை, கிளி, பூந்தொட்டி எதிலும் கை வைக்கவில்லை.

சூளை பிரித்ததும் உடைந்த பொம்மைகளைப் படமெடுத்து டேப்லெட்டில் ஏற்ற வேண்டியது சூளை மேஸ்திரியின் வேலை. அவரிடம் ஓடினேன்.

“மாமா, இதுல எதையாச்சும் அழிச்சீங்களா?”

அவர் ஒளிக்கவில்லை. “ஆமா பாப்பா. தும்பிக்கை போன பிள்ளையாரு, கை ஒடஞ்ச முருகரு எல்லாம் படத்துல நிக்கிது. பின்னமான சாமிய வச்சிருக்கலாமா? ஒடைசல ஆத்துல வுட்டுட்டு வந்து, இதுலயும் குப்பத்தொட்டி பட்டன அமுக்கிடுவேன். கன்னத்துல போட்டுக்கிட்டுதான் அமுக்குவேன்.”

அந்தப் பட்டன் படத்தை மட்டும் அழிக்காது. அந்த வகைப் பொம்மையையே அழித்து, அதற்கு வந்த ஆர்டர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

லாக்கைப் பிரின்ட் எடுத்து, மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் தாளைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார்.

“ஏன்யா, ஆனை ஒடஞ்சா மட்டும் வச்சிருப்பியா?”

“ஆனை சாமி இல்லீங்களே.”

முதலாளி என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “ஒக்காரும்மா, டீ சாப்பிடு” என்றார். அதற்கு முன்பு அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. பேக்கப்பிலிருந்து ஆர்டர்களை மீட்டுவிட்டு, டேப்லெட்டில் அந்தப் பட்டனை எடுத்துவிட்டேன். உடைந்த சாமிகளுக்கு இப்போது எண்ணிக்கை மட்டும்தான், படம் கிடையாது. சரக்கு சதுர்த்திக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

லாக்கைக் காட்டிய அன்று மாலை, வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டார்: “ஆரு அமுக்குனாலும் அது எழுதி வச்சுக்குமா?”

“ஆமாம்மா.”

“அப்ப நீ அமுக்கலன்றதும் அதுல இருக்குது” என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

இப்போதும் ஏதாவது காணாமல் போனால், யாரையும் சந்தேகிப்பதற்கு முன் லாக்கைத் திறந்துவிடுகிறேன். அன்று அது இல்லாமல் இருந்திருந்தால், அம்மாவின் கேள்விக்குப் பதிலாக என் வாய் வார்த்தை மட்டும்தான் இருந்திருக்கும்.