அம்மா கடித்த ரொட்டி

திகனையில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த நாய், கடைப்பையிலிருந்து கொட்டிய உருண்டைத் தீனியை இன்றும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதில் வீசிய கருவாட்டு வாசனை என்னை நான் வளர்ந்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு, கருவாட்டுப் புகை சூழ்ந்த எங்கள் அடுப்படிக்கு இழுத்துப் போனது. அங்கே எங்கள் நாய் கறுப்பன், தேங்காய்ப்பூ கருகி மணக்கும் ரொட்டியை முழுசாக வைத்தால் மூக்கால் தள்ளிவிடும். கொழுந்தெடுக்கக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா ஒரு வாய் கடித்துத் தின்றுவிட்டுப் போட்டால்தான் வாலாட்டியபடி தின்னும். நானும் கடித்து, துப்பிவிட்டுப் போட்டுப் பார்த்தேன், தொடவில்லை.

"நாம திங்கிறதப் பாத்தாத்தானே அது திங்கும்," என்றாள் அம்மா.

இப்போது என்னோடு இருக்கும் அம்மா, நாயின் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடித்து, மென்று விழுங்கி, மீதியைப் போட்டாள்.

"உப்பே இல்ல," என்றாள்.

நாய் அதற்குள் தின்னத் தொடங்கியிருந்தது.