செவலை திரும்பி வந்த சத்தம்

எங்கள் வீட்டு அடுப்பு காலையில் இரண்டு முறை எரியும். முதலில் எங்களுக்கு, அடுத்து செவலைக்கு. ராகி மாவைக் கரைத்துக் களி கிண்டுவேன். கோழிக்கடையில் வாங்கிவந்த கால்களையும் கழுத்துகளையும் மஞ்சள் போட்டுத் தனியாக வேகவைத்து, எலும்பை உருவிப் போட்டுவிட்டு, சாற்றோடு களியில் பிசைந்து ஆறவைப்பேன். உப்பு சேர்ப்பதில்லை. வேட்டைக்குப் போகும் நாளில் மட்டும் காலையில் ஒரு கைப்பிடிதான். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடும் நாய்க்குக் குடல் முறுக்கிக்கொள்ளும். திரும்பி வந்து, இளைப்பு அடங்கிய பிறகுதான் முழுச் சாப்பாடு.

“உன்னயக் காலேசுக்கு அனுப்புனது நாய்க்குக் களி கிண்டறதுக்கா சாமி?” என்பாள் அம்மா. “உனக்கே நான் இப்பிடி எலும்பு உருவிப் போட்டதில்ல.”

சொல்லிவிட்டு, நான் பார்க்காதபோது ஒரு அவித்த முட்டையை அதில் உடைத்துப் போட்டிருப்பாள்.

செவலை என்பது பெயர் இல்லை, நிறம். பெயர் வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே எல்லோரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அது எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் காட்டுப்பன்றிதான். கிழக்குப் பாலக்காட்டில் வாய்க்காலை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அம்மா கடலைக்காய் போட்டிருந்தாள். முந்தைய வருடமும் போட்டிருந்தாள். காய் முற்றும் நேரத்தில் பன்றிகள் வந்து, நாங்கள் பிடுங்க வேண்டியதை அவை பிடுங்கிவிட்டுப் போயின. அந்த வருடம் அம்மா வயலுக்குப் போய் நின்றாள், அழவில்லை, கிடந்த கொடிகளை வாரி மாட்டுக்குப் போட்டாள். இந்த வருடமும் அப்படி ஆகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பயிரை அழிக்கும் பன்றியைச் சுட பஞ்சாயத்து அனுமதி தரும். மலையாளத்தில் வந்த உத்தரவை வீட்டில் நான்தான் படித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் பக்கத்து ஊர்க்காரர். உறவு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் மாமா. அவரிடம் இரண்டு கறுப்பு நாய்கள் இருந்தன. புதருக்குள் படுத்திருக்கும் பன்றியை நாய்கள் கிளப்பி, சுற்றி நின்று குரைத்து, ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். அதன் பிறகு, கூப்பிட்டதும் பன்றியை விட்டு விலகி வந்துவிட வேண்டும். நாய் பக்கத்தில் நின்றால் மாமா சுடமாட்டார்.

“நாய்மேல ஒரு தடவ பட்டுச்சுன்னா அப்பறம் எனக்குச் சோறு எறங்காதுங்க தம்பி,” என்றார். அவருடைய நாய் குட்டி போட்டபோது ஒன்றை என் கையில் கொடுத்தார். “தொரத்தறது இதுக்குப் பொறப்புலயே இருக்குது. திரும்பி வர்றதத்தான் நாம பழக்கோணும்.”

நான் கைப்பேசியில் வீடியோக்கள் பார்த்தேன். வெளிநாட்டில், ஏரிக்கரையில், பச்சைக் கோட்டு போட்டவர்கள் விசில் ஊதுகிறார்கள். நாய் நீந்திப் போய், சுட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் வைக்கிறது. நானும் ஒரு விசில் வாங்கினேன். செவலை விசிலைக் கேட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும், பிறகு தன் வேலையைப் பார்க்கும். கேட்டதும் அது தலைதெறிக்க ஓடிவரும் சத்தம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: வயலுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியின் மூடி எழுப்பும் சத்தம். அது போதும் என்று தோன்றியது. சின்னப் போசி ஒன்றை எடுத்துக்கொண்டு, சட்டைப்பையில் மத்திக் கருவாட்டுத் துண்டுகளைப் போட்டுக்கொண்டேன். மூடியைப் போசியில் தட்டுவேன், வந்தால் ஒரு துண்டு.

முதலில் வாசலில். அடுத்து ஒரு பனைமரத்திலிருந்து அடுத்த பனைமரம் வரை. அடுத்து, கோழியைத் துரத்திக்கொண்டிருக்கும்போது. மாரியம்மன் நோம்பிக்கு வெடி போடும்போது கோயிலுக்குத் தூரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு கொடுத்து, மெதுமெதுவாகக் கிட்டே போனோம். சத்தம் கேட்டால் வாலை ஒடுக்கிய நாய், கடைசியில் வெடி வெடித்ததும் என் சட்டைப்பையைப் பார்த்தது.

பன்றிக்கு என்ன செய்வது? அப்பா வந்தார். சாக்கில் வைக்கோலைத் திணித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பில் ஓடினார். ஓடும்போது உறுமவும் செய்தார். செவலை சாக்கைச் சுற்றிக் குரைத்து நிறுத்தும். நான் மூடியைத் தட்டுவேன். அது சாக்கை விட்டுவிட்டு வரும்.

“இந்த வயசுல என்னயப் பன்னியாக்கிப் போட்டியேடா,” என்று மூச்சு வாங்கினார் அப்பா. அடுத்த நாள் நான் கேட்காமலேயே சாக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் நின்றார். தேங்காய் உரித்துக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. அந்தக் கைகளால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் உறுமிய உறுமலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் வேட்டைக்கு ஒரு காலையில் போனோம். வாய்க்கால் கரையில் உண்ணிமுள் புதருக்குள் ஒற்றைப் பன்றி படுத்திருப்பதை மாமா தடம் பார்த்துச் சொல்லியிருந்தார். அம்மா வரப்பில் நின்றுகொண்டாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மூன்று நாய்களும் உள்ளே புகுந்தன. கொஞ்ச நேரத்தில் குரைப்பு ஒரே இடத்தில் நிலைத்தது. ஒரு பனை அடிமரத்தில் முதுகைக் கொடுத்துப் பன்றி நின்றது. மூன்று நாய்களும் மூன்று பக்கம். மாமா தன் நாய்களைக் கூப்பிட வாயெடுத்து என்னைப் பார்த்தார். நான் மூடியைத் தட்டக் கையை ஓங்கினேன்.

அதற்குள் வாய்க்காலுக்கு அக்கரையில் மூடிகள் திறந்தன. தொழிலுறப்புப் பெண்கள், நூறு நாள் வேலைக்காரர்கள், வாய்க்கால் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். காலைச் சாப்பாட்டு நேரம். எத்தனை போசிகளோ, ஒரே சமயத்தில் மூடிச் சத்தம். செவலை பன்றியை விட்டது. என்னைத் தாண்டியது. வாய்க்காலுக்குள் குதித்து அக்கரை ஏறியது. அது விட்டுப்போன பக்கமாகப் பன்றி பாய்ந்தது. கறுப்பு நாய்கள் இன்னும் பக்கத்தில் இருந்ததால் மாமா சுடவில்லை. குறுக்கே நின்ற ஒரு கறுப்பு நாயின் தோளைப் பன்றியின் கோரைப்பல் கீறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வயலுக்குச் சோறு கொண்டுபோகாத வீடு இல்லை, போசி இல்லாத கை இல்லை. அந்தச் சத்தத்துக்கு ஒரு நாயைப் பழக்கியவன் நான். வீடியோவில் விசில் ஊதியவர்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

“உங்க நாயி வேட்டைக்கு வந்துச்சா, விருந்துக்கு வந்துச்சா?” என்றார் மாமா, நாயின் தோளைத் துண்டால் அழுத்திக்கொண்டே. காயத்துக்குத் தையல் போட்டாயிற்று, ஆறிவிடும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அந்த நாய் இந்தப் பருவம் ஓடாது. மறுநாள் பார்த்தால் வயலின் கிழக்கு மூலை உழுததுபோலக் கிடந்தது. காய் முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான்.

“ஒத்த நாயி பன்னிய நிறுத்தாதுங்க,” என்றார் மாமா. “செவல வந்தாத்தான் வேட்டை. ஆனா மறுக்காவும் சோத்துக்கு ஓடுச்சுன்னா, நான் துப்பாக்கியத் தூக்கிட்டு ஊடு போயிருவேன்.”

புதுச் சத்தம் பழக்க நாள் இல்லை. தட்டில் கரண்டியால் தட்டினேன். மறுபடி விசில் ஊதினேன். செவலை தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் வாய்க்காலுக்கு அக்கரை போனேன். சாப்பாட்டு நேரத்தை ஒரு நாள் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். வெயிலில் குனிந்து மண் வாருகிறவர்களிடம் பசியோடு இருங்கள் என்று எப்படிக் கேட்பது?

“வாங்க தம்பி,” என்றாள் ஒரு அக்கா. “உங்க நாயி அன்னைக்கு என்ற இட்லியத் தின்னுபோட்டு, சட்னி இல்லயான்னு பாத்துச்சுங்க.”

“அதுக்குத்தான்கா வந்தேன். உங்க மூடிச் சத்தம்…”

“தெரியுமுங்க. உங்க அம்மா சொன்னாங்க.”

அம்மா எனக்கு முன்பே வந்து போயிருக்கிறாள். எனக்குச் சொல்லவே இல்லை.

“நீங்க சுடற அன்னைக்கு வெடிச் சத்தம் கேக்கற வரைக்கும் நாங்க போசி தொறக்கறதில்ல,” என்றாள் மேட் வேலை பார்க்கும் அக்கா. அன்றைய வேலைக்குக் கணக்கு வைப்பவள் அவள்தான். “எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு.”

“குறி தப்பிப் போச்சுன்னா?” என்றாள் இன்னொருத்தி. “அந்தியாகற வரைக்கும் பட்டினியா?”

“உனக்கு ஒரு நாள் பட்டினி கெடந்தா ஒடம்புக்கு நல்லதுதான் போ.”

“ஏனுங்க தம்பி, நாங்க சும்மா பண்றதா நெனச்சுக்காதீங்க,” என்றாள் இட்லியைப் பறிகொடுத்த அக்கா. “உங்க கடலக்காயத் தின்னுபோட்டு அது கைகழுவ எங்க கெழங்குக் காட்டுக்குத்தான் வருது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது வேட்டை சொன்ன நேரத்தில் முடியவில்லை. பன்றி இடம் மாறியிருந்தது. மாமாவின் ஒற்றைக் கறுப்பும் செவலையும் ஒரு புதரை விட்டு அடுத்த புதர் என்று தேடிக்கொண்டே போயின. வெயில் ஏறிவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தது, தாண்டியது. அக்கரையில் பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மடியில் போசியை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மறதியாக மூடியில் கை வைத்தாள். பக்கத்திலிருந்தவள் அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். பேச்சுக்கூட இல்லை. அத்தனை பெண்கள் பேசாமல் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோரைப்புல் நடுவில் குரைப்பு நிலைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேட்டில் முதுகைக் கொடுத்துப் பன்றி தலையைத் தாழ்த்தி நிற்கிறது. கறுப்பு ஒரு பக்கம், செவலை ஒரு பக்கம். செவலை கிட்டே போகாமல், விடவும் செய்யாமல், பன்றி திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பிக் குரைத்தது. அப்பாவின் சாக்கிடம் கற்றது அப்படியே இருந்தது. மாமா குரல் கொடுத்தார், கறுப்பு விலகியது. நான் தட்டினேன்.

செவலை தலையைத் தூக்கியது. பார்த்தது என்னை இல்லை, அக்கரையை. அங்கே ஒரு சின்னச் சத்தம் கிளம்பினாலும் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஒன்றும் கிளம்பவில்லை. மறுபடி தட்டினேன். செவலை திரும்பியது. புல்லை வகுத்துக்கொண்டு நேராக என் காலடிக்கு வந்து, வாயைத் திறந்து நின்றது. அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமாவின் துப்பாக்கி வெடித்தது. பன்றி இருந்த இடத்திலேயே சாய்ந்தது. செவலை என் சட்டைப்பையை முகர்ந்தது.

அடுத்து அக்கரையில் எழுந்த மூடிச் சத்தத்தைக் கேட்டு மாமாவே சிரித்துவிட்டார்.

சுட்ட பன்றியை உண்ணக் கூடாது என்பது உத்தரவு. பஞ்சாயத்து மெம்பர் வந்து பார்க்க, குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். நாய்க்குக்கூட ஒரு துண்டு கிடையாது. அப்பாவும் நானும் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, செவலை அக்கரைக்குப் போய்ப் பெண்களின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“இப்ப எதும் குடுக்காதீங்கக்கா. ஓடிப்போட்டு வந்திருக்குது, இளைப்பு அடங்கட்டும். வயித்து வலி வந்துரும்.”

“நாயி வயித்தப் பத்தி நெம்பக் கவலதான் தம்பிக்கு,” என்றாள் மேட் அக்கா, வாய் நிறையச் சோற்றோடு. “எங்க வயிறு என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கேட்டேன். எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் என்னைக் கேலி பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். இளைப்பு அடங்கிய பிறகு செவலைக்கு அங்கே கிடைத்தது பாதி இட்லி, ஒரு கை மோர்சோறு, மீன் தலை ஒன்று. அன்று வீட்டில் அது களியைத் தொடவே இல்லை.

அந்த வருடம் கடலைக்காயை நாங்கள்தான் பிடுங்கினோம். முதல் நாள் பறித்ததை அம்மா அப்படியே பெரிய அண்டாவில் போட்டு அவித்தாள். விற்பதெல்லாம் அடுத்த நாளிலிருந்துதான் என்று சொல்லிவிட்டாள். அண்டாவை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டினோம். அம்மா முன்னால் போனாள். பெண்கள் முந்தானையை விரித்தார்கள். அம்மா கைகொள்ளும் மட்டும் அள்ளி அள்ளிப் போட்டாள்.

“உங்க பசியில வெளஞ்சதுங்க இது,” என்றாள். அம்மா இப்படியெல்லாம் பேசி நான் கேட்டதில்லை.

இட்லிக்கார அக்கா ஒரு காயை உரித்து வாயில் போட்டு மென்று பார்த்தாள்.

“அதெல்லாம் செரிதானுங்க,” என்றாள். “உப்பு பத்தலையே.”

அம்மா அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன வருடம் அதே வயலில் வெறும் கொடியை வாரிக்கொண்டு நின்றவள்தான்.