அலவத்துகொட பஸ்ஸில் வந்த மறுமொழி

என் அக்கா திரேசம்மாள் பத்து வருடங்களுக்கு மேலாக மனைவியாகவும் இருக்கவில்லை, விதவையாகவும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்த துன்பம் இதுதான்.

அவளுடைய புருஷன் சந்தியாகு கண்டியில் ஒரு பேக்கரியில் ரொட்டி போட்டவர். பெரிய யுத்தத்தின்போது பஸ்ராவில் பட்டாளத்துக்கு ரொட்டி போட ஆள் வேண்டும் என்றார்கள். போனார். யுத்தம் முடிந்தது. கண்டியில் மணி அடித்தார்கள், வாணம் விட்டார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். மச்சான் வரவில்லை. இறந்துபோனார் என்ற செய்தியும் வரவில்லை. முதல் வருடம் முழுவதும் அக்கா ரயில் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போவாள். பிறகு அதை விட்டுவிட்டாள். ரொட்டியை மட்டும் அன்றிலிருந்து வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று ஆசிரியை. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இங்கிலீஷில் மனு எழுதத் தெரியும் என்பதால் கொழும்புக்கு எழுதினேன், சென்னைக்கு எழுதினேன். நல்ல மனுக்கள். அப்படி ஒரு பெயர் எங்களிடம் இல்லை என்று மறுமொழி வந்தது. அத்தனை ஆட்களைக் கப்பல் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, ஏற்றிய ஒருவரை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை.

இதற்கிடையில் ஆரோக்கியம் என்ற தச்சர் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அக்காவுக்கும் மனம் இருந்தது. ஆனால் கல்யாணத்தை எல்லாருக்கும் அறிவிக்கிற ஓலையைக் கோவிலில் வாசிக்க எங்கள் சுவாமியார் சம்மதிக்கவில்லை. "அவர் இறந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். இல்லாமல் வாசித்தால், நாளைக்கு அவர் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?" என்றார். ஆரோக்கியம் மூன்று வருடம் காத்திருந்தார். கடைசியில் அவருடைய வீட்டார் நத்தார்ப் பண்டிகைக்கு முன் முடிவு சொல்லுங்கள் என்றுவிட்டார்கள்.

காணாமற்போனதைக் காட்டித் தருபவர் அர்ச். அந்தோனியார். நான் செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். அக்காவின் காரியம் நடந்தால் கோவில் வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். வீட்டில் வந்து சொன்னேன். அக்கா உலை அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ எனக்குக் கல்யாணம் கேக்குறியா, இல்ல அந்த மனுசனுக்குச் சாவு கேக்குறியா?" என்றாள்.

அதன் பிறகு ஒரு அருள்நிறை மந்திரத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியாமற் போயிற்று. முழங்காலில் நின்றால் எழும்பத் தோன்றும். எழும்பினால் நடக்கத் தோன்றும். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கோவில் முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, நடந்துகொண்டே சொன்னேன்: "சுவாமி, நான் கல்யாணமும் கேட்கவில்லை, சாவும் கேட்கவில்லை. உள்ளது எதுவோ அதை எங்களுக்குத் தெரியப்படுத்தும். மச்சான் உயிரோடு வந்தால் நானே எதிர்கொண்டு போய் அழைத்து வருகிறேன்." அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மனதாரச் சொன்னேன்.

செபித்துவிட்டுச் சும்மா இருக்கிற சுபாவம் எனக்கில்லை. பட்டாளத்தில் லொறி ஓட்டப் பழகியவர்கள் பலர் அப்போது கண்டியில் பஸ் ஓட்டினார்கள். நான் ஏறுகிற பஸ்ஸில் எல்லாம் டிரைவரிடம் ஒரே கேள்விதான் கேட்பேன். எங்கள் வீடு இருந்த கெலிஓயா பாதையில் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். "பஸ்ரா டீச்சர் வர்றாங்க, எடம் விடுங்கப்பா!" என்பார்கள். அம்மாவுக்கு அவமானம். "கண்ட ஆம்பளைங்ககிட்ட எல்லாம் பேச்சு குடுக்கத்தானா ஒன்னய படிக்க வச்சோம்?" என்று திட்டுவார்.

ஐப்பசி மழை. அன்றும் செவ்வாய்க்கிழமை. கோவிலிலிருந்து ஓடி வந்து நனைந்த சேலையோடு ஒரு பஸ்ஸில் ஏறினேன். மழைக்கு இரண்டு பக்கமும் படங்குச் சீலை இறக்கியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. டிக்கட் கொடுக்க வந்தவர் சிரித்தார்.

"கெலிஓயாவா? டீச்சர், இது அலவத்துகொட பஸ். முன்னுக்குப் பலகையில எழுதித்தானே ஈக்கி, வாசிக்கல்லயா?"

பஸ் முழுவதும் சிரிப்பு. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்துவிட்டது. இறங்குவதற்காக முன்னால் போனேன். டிரைவர், தொப்பி போட்ட நடுவயதுக்காரர்; அண்ணன் முறையாக எல்லாரும் காசிம் நானா என்று கூப்பிட்டார்கள். இறங்கப்போகிற நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானா, நீங்க பஸ்ராவுக்குப் போயிருக்கீங்களா?"

"போயீக்கிறன். லொறி பழகினதே அங்கதான். என்னத்துக்குப் புள்ள?"

"சந்தியாகுன்னு ஒருத்தரு. ரொட்டி போட்டவரு."

அவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். "ரொட்டிச் சந்தியாகா? கண்டியாளா?"

பின்னாலிருந்து ஒருவர், "நானா, வண்டிய எடுங்க, கதைய ஊட்டுல போய் கதைங்க!" என்று கத்தினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் மௌத்தாகிட்டான் புள்ள. சண்ட முடிஞ்சி, கப்பலுக்குக் காத்துக்கிட்டு ஈக்கக்குள்ள காய்ச்சல். நாங்க நாலு பேர் அடக்கினம். சாப்பிட முந்தி நெத்தியிலயும் நெஞ்சிலயும் கை வெப்பான். அத நெனச்சி ஈச்ச மட்ட ரெண்ட குறுக்கால கட்டி நட்டன். நான் முஸ்லிம். அது சரியா பிழையான்னு இன்னம் மனசு ஆறல்ல. ஊட்டுக்கு கவர்மென்ட் அறிவிச்சீக்கும்னு நெனச்சன்."

ஆனாலும் கண்டியில் எத்தனையோ சந்தியாகுகள். அந்தச் சந்தியாகு தம் மனைவியைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று கேட்டேன்.

காசிம் நானா சிரித்துவிட்டார். "செல்லாத நாளே இல்ல. பொறப்படக்குள்ள அவள் செல்லினாளாம், ஒன்ட ரொட்டியத் தின்னா வெள்ளக்காரன் பல்லு ஒடஞ்சி சண்டையே நின்னுரும்னு. அதச் செல்லிச் செல்லி எங்கள எல்லாம் சிரிக்க வெப்பான்."

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கா சொன்னதே இல்லை. உண்மையா என்று அவளைக் கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு சொல் வந்தால் சாட்சி கெட்டுவிடும். நேரே சுவாமியாரிடம்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காசிம் நானா வந்து சுவாமியாரிடம் எல்லாம் சொன்னார். அல்லாஹ்மீது சத்தியம் செய்தார். பிறகு அவரை வெளியே நிறுத்திவிட்டு அக்காவை அழைத்தார்கள்.

"உன் புருஷன் புறப்படும்போது நீ கடைசியாக என்ன சொன்னாய்?" என்று சுவாமியார் கேட்டார்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். "கேலியா சொன்னேன் சாமி. கோவமாவும் இருந்திச்சு. ஒன் ரொட்டியத் தின்னா வெள்ளக்காரன் பல்லு ஒடஞ்சி சண்டையே நின்னுரும்னு சொன்னேன். அந்தச் சொல்லோடதான் அவரு போனாரு."

சுவாமியார் எழுந்து கதவைத் திறந்தார். "காசிம், நீர் சொன்னதை இவளுக்கும் சொல்லும்" என்றார். தான் சொன்ன சொல் கடலுக்கு அப்பால் ஒரு கூடாரம் நிறையச் சிரிப்பாகி இருந்ததை அக்கா அன்றுதான் அறிந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ஈச்ச மட்டை கட்டிய அந்த மனிதரைக் கும்பிட்டு, "நீங்க செஞ்சது சரிதான் நானா" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மச்சானுக்காகப் பாட்டுப் பூசை வைத்தோம். கறுப்புத் துணி போர்த்திய வெறும் பாடைக்கு முன்னால் அக்கா முழங்காலில் நின்றாள். மறுமணம் செய்யலாம் என்று மேற்றிராணியாரின் உத்தரவும் வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் ஓலை வாசித்தார்: "காலஞ்சென்ற சந்தியாகுவின் விதவை திரேசம்மாள்." எத்தனையோ பெண்கள் தலை குனிகிற அந்தச் சொல்லைக் கேட்டு என் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நத்தாருக்கு முன் கல்யாணம் நடந்தது. நேர்ந்த ரொட்டியைக் கோவில் வாசலில் அக்காவே கொடுத்தாள். முதல் ரொட்டி காசிம் நானாவுக்கு. அவர் ஒரு துண்டு கடித்துவிட்டு, "சந்தியாகுட ரொட்டிய விட மெதுதான்" என்றார். அக்கா தானும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இதை வாசிக்கிறவர்களே, அந்த யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என்ன கேட்பது என்று தெரியாமல் நீங்களும் தவிக்கலாம். உள்ளதைக் காட்டும் என்று கேளுங்கள். எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். முழங்காலில் நிற்க முடியவில்லையா, நடந்துகொண்டே கேளுங்கள். பஸ் மாறி ஏறியவளுக்கும் ஆண்டவர் வழி வைத்திருந்தார். நான் இன்னமும் நடந்துகொண்டேதான் செபிக்கிறேன்.