மூட்டைக்குக் கயிறு உண்டு

இந்த ஊரில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்குக் கிடையாது. சாப்பாட்டுக் கடை மேசையில் அதை வைத்துவிட்டுப் போனால் போதும், அந்த இடம் உங்களுடையது. பசியோடு தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறவன்கூட அதைத் தொடமாட்டான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள்தானே நாம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தத் துண்டைத் தூக்கி வீசிவிட்டு உட்காரவும் நம்மூரில் ஆள் இருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ‘பங்க்’ என்கிற கலக இசை ஆல்பத்தை வெளியிட்டோம். மேடைக்கு முன்னால், ஆட்கள் முட்டி மோதி ஆட வேண்டிய தரையில், வரிசையாக டிஷ்யூ பாக்கெட்டுகள் கிடந்தன. கலகம் செய்வதற்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் சாங்கியில் விமானச் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில், திண்டுக்கல் பக்கம், எங்கள் பங்குக் கோயில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினவன். தேர்பவனிக்கும் ஊதுவோம், சவ ஊர்வலத்துக்கும் ஊதுவோம். தோ பாயோவில் வாடகை அறையில் ஒரு நாள் எடுத்து ஊதியபோது எதிர்வீட்டுச் சீனப் பெரியம்மா கதவைத் தட்டி, எந்த மாடியில் சாவு என்று விசாரித்தார். இங்கே சீனர்களின் இறுதி ஊர்வலத்திலும் பேண்டு வருவதுண்டு. யாரும் சாகவில்லை, சும்மா பழகுகிறேன் என்றேன். அப்படியானால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றார். அதற்கு மேல் விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

என்னை இந்தக் குழுவுக்கு இழுத்தவன் பிரகாஷ். நான்காம் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழன். பகலில் வங்கியில் கழுத்துப்பட்டை, சாயங்காலம் கிட்டாரும் கத்தலும். குழுவின் பெயர் ‘லிப்ட் பழுது’. ஆல்பத்தின் பெயர் ‘இரைச்சலுக்கு மன்னிக்கவும்’. சுவரை இடிப்பதற்கு முன் அண்டை வீட்டாருக்கு ஒட்டும் அறிவிப்பைக் கிண்டல் செய்கிற பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, இவர்கள் நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறார்கள்.

இசையைக் குறை சொல்லமாட்டேன். ஸ்கா என்பார்கள்: கிட்டார் தாளத்தின் மேல் விழாது, இரண்டு தட்டுக்கு நடுவிலுள்ள சந்தில் வெட்டி வெட்டி விழும். கால் தானாகத் துள்ளும். அதன் மேல் என் டிரம்பெட் நக்கலடித்துக்கொண்டே போகும். திடீரென்று டிரம்ஸ் வெறிபிடித்து ஓடும், கிட்டார் உறுமும், பிரகாஷ் தொண்டை கிழியக் கத்துவான். பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ஒத்திகையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் சாமிக்கும் செத்தவனுக்குமே ஊதியிருக்கிறேன், உயிரோடு இருக்கிறவனின் கோபத்துக்கு ஊதியதே இல்லை.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு தமிழில் இருக்கிறது. அதன் வரி என் தம்பி ஆரோக்கியம் சொன்னது. அவன் இங்கே கட்டட வேலையில் இருக்கிறான். காலையும் மாலையும் லாரியின் பின்பக்கம்தான் அவனுக்கு வாகனம். அதில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று பக்கவாட்டில் ஒழுங்காக எழுதி ஒட்டியிருப்பார்கள், இந்த ஊரில் எதுவும் எழுதாமல் நடக்காது. ஒரு முறை லாரி சட்டென்று நின்றதில் கூட இருந்த முருகேசனின் நெற்றி கம்பியில் மோதிப் பிளந்தது. பக்கத்தில் இருந்த சிமெண்டு மூட்டைகள் அசையவில்லை, அவற்றைக் கட்டியிருந்தார்கள். “மூட்டைக்குக் கயிறு உண்டு, முருகேசனுக்கு இல்லண்ணே” என்று தம்பி போனில் சொன்னான். அதைத்தான் பிரகாஷ் ஆல்பப் பதிவில் அப்படியே கத்தியிருந்தான். வெளியீட்டு நாளில் தம்பிக்கு வேலை அடுத்த தெருவிலேயே. ஏழு மணிக்கு லாரி வரும்வரை கீழே நின்று கேட்கிறேன் என்றிருந்தான். அவன் சொன்ன வார்த்தை மேலேயிருந்து அவன் காதில் விழ வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மேடை ஏறும் நேரத்தில் பிரகாஷ் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“ப்ரோ, லாஸ்ட் சாங் வார்த்த வேணாம்லா. மியூசிக் மட்டும் வாசிப்போம்.”

“ஏன்?”

“என் பாஸ் வந்திருக்காரு. கொஞ்சம் சென்சிட்டிவ்லா. ஆல்பத்துல இருக்குல்ல, வேணும்ங்கறவங்க கேட்டுக்குவாங்க.”

தம்பி கீழே நிற்கிறான் என்றேன். அடுத்த தடவை அவனை மேலேயே கூட்டி வரச் சொன்னான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வேலை பெர்மிட்டைப் பிடுங்கி விமானம் ஏற்றிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியவன் நான். இவன் குடிமகன், இவனை எங்கே அனுப்புவார்கள்? அலுவலகத்தில் எவனாவது புருவத்தை உயர்த்துவான், அதற்கே இந்த நடுக்கம். இரைச்சல் புகார் வரும் என்று ஜன்னல்களையும் அடைத்துவிட்டார்கள்.

அன்று ஆட்டம் நன்றாகவே நடந்தது. ஒருவன் வழுக்கி விழுந்தான். உடனே நாலு பேர் ஆட்டத்தை நிறுத்தி அவனைத் தூக்கிவிட்டு, ‘சாரி’ சொல்லி, மறுபடி வெறிபிடித்தார்கள். கடைசிப் பாட்டை வார்த்தையில்லாமல் வாசித்தோம். எல்லோரும் சந்தோஷமாகக் குதித்தார்கள். பிரகாஷின் மேலதிகாரி கட்டைவிரலை உயர்த்தினார். முடிந்ததும் அதே கலகக்காரர்கள் தரையில் கிடந்த கோப்பைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடத் தொடங்கினார்கள். நான் டிரம்பெட்டைப் பெட்டியில் வைக்காமலே படியிறங்கினேன்.

லாரி கிளம்பிவிட்டிருந்தது. நல்லவேளை, சற்றுத் தள்ளி சிவப்பு விளக்கில் நின்றது, ஓடினேன். பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி ஆரோக்கியம் என்னைப் பார்த்துவிட்டான்.

“ஒண்ணும் கேக்கலண்ணே” என்றான். “ஜன்னல சாத்திட்டாங்க.”

பாடவே இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? டிரம்பெட்டை உதட்டில் வைத்தேன். இந்தத் தெருவில் ஊதுவதற்கு அனுமதி வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடைசிப் பாட்டையே ஊதினேன். நடைபாதையில் போனவர்கள் விலகி நின்று கைப்பேசியைத் தூக்கினார்கள். தம்பி லாரியின் பக்கப் பலகையில் தட்டினான், இரண்டு தட்டுக்கு நடுவிலுள்ள சந்தில், மிகச் சரியாக. பிறகு அவனே கத்தினான். அவன் பக்கத்தில் நெற்றித் தழும்போடு இருந்த முருகேசனும் கத்தினான். லாரி மொத்தமும் கத்தியது: மூட்டைக்குக் கயிறு உண்டு.

பச்சை விழுந்தது. அவர்கள் குரல் திருப்பம் வரை கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். மாடியில் அடைத்த கண்ணாடிக்குப் பின்னால் பிரகாஷ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். நிறுத்து என்கிறானா, மேலே வா என்கிறானா, தெரியவில்லை. டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றேன்.