விழுப்புரம் போய்வர ஒரு ஃபிளீஸ் ஜாக்கெட்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர். இதையெல்லாம் ஒருத்தன் பயணம் என்று எழுதுவானா என்பீர்கள். வாரத்துக்கு மூன்று தடவை போய்வருகிறவன் எழுதலாம்.

என் மகள் சௌமியாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. விழுப்புரத்தில்தான் டயாலிசிஸ். ஏசி அறையில் நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும்போது அவளுக்கு உடம்பு உதறும். போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை வீடு திரும்பியதும், சனிக்கிழமை வரமாட்டேன் என்று படுத்துவிட்டாள். ஒரு முறை விட்டாலே நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். முன்பு ஒரு தடவை அதைப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை.

அங்கே கொடுக்கும் கம்பளி வாடை அடிக்கிறதாம்.

"ஃபிளீஸ் ஜாக்கெட் வாங்கிக்குடு, வர்றேன். காலேஜுக்கும் அதையே போட்டுக்கினு போவேன்" என்றாள்.

காலேஜ் இருக்கும் மயிலத்து வெயிலில் ஜாக்கெட் எதற்கு என்று கேட்க வந்தவன், அவள் கையைப் பார்த்தேன். ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்ததில் அவள் இடது முன்கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். துப்பட்டாவால் அதை மூடிக்கொண்டுதான் திரிகிறாள்.

நான் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஃபிளீஸ் என்றால் ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மழையில் திண்டிவனம் கடைத்தெருவில் இறங்கினேன். முதல் கடைக்காரர் ரெக்சின் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார்.

"எந்த ஊருக்குண்ணா போறீங்க? ஊட்டியா, காஷ்மீரா?"

"விழுப்புரத்துக்கு."

அவர் ஜாக்கெட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்த கடையில் ஃபிளீஸ் இருந்தது. விலை 2,200. தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்து நாலரைக்கு விழுப்புரம். பஜாரில், ஏற்றுமதியில் கழித்துவிட்ட துணிகளைக் குவித்து விற்கும் ஒரு கடையில் தேடினேன். முதலில் எடுத்ததற்கு மணிக்கட்டில் இறுக்கமான எலாஸ்டிக். அந்தக் கையில் எதுவும் இறுக்கக் கூடாது. கண்ணாடி வளையலைக்கூடக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் அளவில் தொளதொள கை வைத்த சாம்பல் நிறம் ஒன்று கிடைத்தது. முன்பக்கம் முழு ஜிப். நானே போட்டு, கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். வியர்வை ஊற்றியது. கடைக்காரப் பெண் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, "நல்லா கதகதன்னு இருக்குதுங்களா?" என்றார். 750 சொல்லி 650க்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் சௌமியா ஜாக்கெட்டோடு ஏறினாள். கூட்டேரிப்பட்டில் அவள் காலேஜ் பெண்கள் நான்கைந்து பேர் இறங்கினார்கள். ஒருத்தி, "ஜாக்கெட் சூப்பரா இருக்குடி" என்றாள். இவள் சிரித்தாள். பஸ் கிளம்பிய பிறகு விக்கிரவாண்டி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே போனதும் முதலில் எடை பார்ப்பார்கள். ஏறியிருக்கிற எடையை வைத்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். நான் பெருமையாக அவளை ஜாக்கெட்டோடு மெஷின் பக்கம் தள்ளினேன். அவள் நின்று ஜிப்பை இறக்கி, ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"மண்டியில சாக்குக்கு எடை கழிக்கிற இல்ல, எனக்குக் கழிக்க மாட்டியா? இதோட ஏறினா இந்த எடைக்கும் சேத்து எங்கிட்டருந்து தண்ணிய உருவிடுவாங்கப்பா. அப்பறம் காலு இழுத்துக்கினு நான்தான் கத்தணும்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இருபது வருஷமாகச் சாக்கைக் கழித்துக் கழித்தே சம்பளம் வாங்குகிறவன் நான். இதெல்லாம் இவளுக்குப் பாடமாகிப்போனதே என்று நினைத்தபோது, ஜாக்கெட்டைப் பிடித்திருந்த கை கனத்தது.

நான்கு மணி நேரமும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசி அரை மணி லேசாக உதறினாள். ஜாக்கெட் போட்டால் உதறல் முழுசாக நிற்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு மணி நேரம் தூங்கினாள். அந்த அறையில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. திரும்பும் பஸ்ஸில், "செவ்வாக்கிழமை மழையா இருந்தா சீக்கிரம் கெளம்பிடலாம்ப்பா" என்றாள்.

என்னைப் போல் யாராவது கடை ஏறி இறங்கினால்: ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். தலை வழியாக மாட்டுவது வேண்டாம், முழு ஜிப்தான் சரி. மணிக்கட்டு தொளதொளவென்று இருக்கட்டும். எடை பார்க்கும்போது கழற்றுங்கள், முடிந்த பிறகு பார்க்கும்போதும்தான். வெந்நீரில் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்.

ஒரு துணி சீக்கிரம் நைந்துபோனால் கடைக்காரரைத் திட்டுகிற ஆள் நான். இது நையட்டும். வாரம் மூன்று முறை அவள் போட்டுப் போட்டு, துவைத்துத் துவைத்து, முழங்கையில் ஓட்டை விழட்டும். சந்தோஷமாக இன்னொன்று வாங்கப் போவேன்.