வேலி முள்ளில் ஒரு கூடு

சீமைக்கருவேலத்தை என் கண்ணில் காட்டக்கூடாது. அதன் முள் என் வீட்டுக்காரர் பாதத்தில் ஏறி, சீழ் வைத்து, இன்றைக்கும் அவர் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். அதனால் கண்மாய்க்குள் அடர்ந்து கிடந்த அந்த மரங்களை அழிக்க ஊர் கூடியபோது, எல்லோருக்கும் மேலே கேட்டது என் குரல்தான்.

"ஒண்ணு விடாம வேரோட பிடுங்குங்க!"

முள் குத்திய மனிதரோ, "நடுவுல நாலு மரத்த விடுங்கப்பா, நாரை கூடு கட்டும்" என்றார். "குத்துப்பட்ட காலுக்கு ரோஷமே கிடையாதா?" என்று அங்கேயே அவர் வாயை அடைத்தேன்.

கோடையில் கண்மாய் மொட்டையாகிவிட்டது. மரமெல்லாம் கரிமூட்டத்துக்குப் போனது. மிஞ்சிய முள்கிளைகளை நாங்கள் கொல்லைக்கு வேலியாக அடைத்தோம். கரையோரம் நட்ட நாட்டுக்கருவேலங்கன்றுகள் முழங்கால் உயரம்கூட வளரவில்லை. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. நாரைகளும் வந்தன. தண்ணீருக்கு மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டு, உட்கார இடமில்லாமல் போய்விட்டன. அவை மறையும்வரை கரையிலேயே நின்றேன்; ஒண்ணு விடாம பிடுங்கச் சொன்னது என் வாய்தானே.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி போடுவதில்லை. கண்மாய்ப் பறவைகள் மிரண்டு கூட்டை விட்டுவிடும் என்று, நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அந்த வருடம் கத்தாரிலிருந்து லீவில் வந்த என் கொழுந்தன் ஒரு பெட்டி வெடியோடு வந்து இறங்கினான்.

"பறவைதான் இல்லையே மதினி, இன்னும் யாருக்காக வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்?"

ஊரில் பல பேர் நினைத்ததும் அதுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விருந்தாளி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா வாசலச் சாத்திருவமா தம்பி?" என்று பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். அந்தத் தீபாவளியும் சத்தமில்லாமல் கழிந்தது.

மறுநாள் காலையில் பாதி வேலியைக் காணோம். ஒரு வெள்ளாடு என் கத்தரிச்செடியை நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. முள் இழுபட்ட தடத்தைப் பிடித்துக் கத்திக்கொண்டே கண்மாய்க்குப் போனால், இடுப்பளவு தண்ணீரில் என் வீட்டுக்காரர். மூங்கில் கழிகளை ஊன்றி, அவற்றின் உச்சியில் எங்கள் வேலி முள்ளைப் பரப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கன்னு மரமாகுற வரைக்கும் இது தாங்கும் புள்ள. அந்தக் கயித்த எடு."

அந்தக் காலை வைத்துக்கொண்டு முள்ளுக்கு நடுவில் நிற்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. திட்டிக்கொண்டேதான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். கொழுந்தனும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். வேலை முடிய மத்தியானமாகிவிட்டது.

அவன் கத்தாருக்குத் திரும்பி வெகுநாள் கழித்து ஒருநாள் போனில் கூப்பிட்டான். அப்போது நான் கண்மாய்க் கரையில் நின்றிருந்தேன். கழி உச்சியில் ஒரு நாரை அசையாமல் படுத்திருந்தது. அதன் ஜோடி இன்னொரு குச்சியைக் கொண்டுவந்து இறங்கியது.

"மதினி, என் வெடிப்பெட்டி என்னாச்சு?" என்று வழக்கம்போலக் கத்தினான்.

"மெல்லப் பேசு தம்பி," என்றேன். "முட்டை வெச்சிருக்கு."