கைச்சூடு பத்து நிமிடம்

வலது கையை இறுக மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை முறைத்தபடி நிற்கிறார் கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். யாரையோ குத்தப் போகிறார் என்று புதிதாக வருகிறவர்கள் தள்ளி உட்காருவார்கள். கைக்குள் இருப்பது சுண்டுவிரல் நீள சீரம் பாட்டில். நோயோடு மல்லுக்கட்டி ஜெயித்த உடம்பின் ரத்தத்திலிருந்து பிரித்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடக்கூடாது; பத்து நிமிடம் கைச்சூடு காட்ட வேண்டும்.

"சொந்தத் தெம்பு வர்ற வரைக்கும் இரவல் தெம்பு, அவ்வளவுதான்" என்பார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம். அதற்காகத் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார். அந்த ஃப்ரிட்ஜில் டாக்டரம்மா ஒருமுறை தண்ணீர் பாட்டில் வைத்தார். இவர் எடுத்து வெளியே வைத்த அது இன்னும் ஜன்னல் விளிம்பில்தான் இருக்கிறது.

எங்கள் பூனைக்குத் தடுப்பூசி போட நான் காத்திருந்த அன்று, லாரி டிரைவர் ஒருவர் துண்டில் சுற்றிய நாய்க்குட்டியோடு ஓடிவந்தார். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ், நேற்றிலிருந்து வாந்தி, ரத்தபேதி. ஆஸ்பத்திரியில் சரக்கு இல்லையென்று காலையில் எழுதிக் கொடுத்த சீரத்தை, ஊரெல்லாம் அலைந்து வாங்கி வந்திருந்தார்.

"சில்லுனு போடக்கூடாதுன்னீங்களே சார்" என்று பெருமையாக வெந்நீர் ஃபிளாஸ்கைத் திறந்தார். வெந்நீரில் கிடந்த பாட்டிலுக்குள் சீரம் வெந்து, அவித்த முட்டை வெள்ளை மாதிரி கட்டி தட்டிக் கிடந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கம்பவுண்டர் திட்டவில்லை. எல்லோரையும் திட்டுகிறவர்.

ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. 'வீடு. தொடாதே' என்று அவர் கையெழுத்தில் சீட்டு. ஊருக்கெல்லாம் தடுப்பூசி உபதேசம் செய்கிறவர் வீட்டு நாய்க்கும் பார்வோ. அன்று மாலை அதற்கு இரண்டாவது ஊசி. புதுச் சரக்கு வர இரண்டு நாள் ஆகும்.

மனைவிக்குப் போன் போட்டார். "நம்மவன் சாப்பிட்டானா? எத்தனை வாய்? வாந்தி எடுத்தானா? சரி, வை."

"அது உங்களுதுங்க" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கான்மா. இது தலையே தூக்கலையே."

சீட்டைக் கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாட்டிலை இந்த முறை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தார்.